ஆயிரம் மணி நேரம்: கலிஃபோர்னியாவில் நான் அழகுக்கலை லைசென்ஸ் வாங்கிய கதை

2021 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஃப்ரீமான்ட் நகரில் ஒரு கடைக்குப் பின்பக்கம், குப்பைத் தொட்டிகள் வைத்திருக்கும் இடத்தில் நாற்பது நிமிடம் நின்றுகொண்டிருந்தேன். கடைக்குள் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். அவர் வந்தபோது நான் ஒரு பெண்மணிக்கு மேலுதட்டில் வேக்ஸ் செய்துகொண்டிருந்தேன், வலப்பக்கம் முடிந்திருந்தது, இடப்பக்கம் இன்னும் தொடவில்லை. முதலாளி வேகமாக வந்து என்னைப் பின்வாசல் வழியாகப் போகச் சொன்னார், கூப்பிட்டால் மட்டும் உள்ளே வா என்றார். காரணம் முழுதாகப் புரியவில்லை, ஆனால் ஒளிந்து நிற்கிறேன் என்பது மட்டும் புரிந்தது. ஈரோட்டில் ஆறு வருஷம் பார்லரில் வேலை செய்தவள் நான், ஒருநாளும் யாருக்கும் பயந்து பின்வாசலில் நின்றதில்லை. அன்று ராத்திரி சமையலை முடித்துவிட்டு இந்தத் தொழிலைக் கண்காணிக்கிற மாநில போர்டின் விதிகளை எடுத்து வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். விசாவில் இங்கே வந்து, கையில் இந்தத் தொழிலை வைத்துக்கொண்டு, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருக்கிற நம் பெண்கள் அந்தப் பின்வாசலில் நிற்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கடையில் என்னைச் சேர்த்தது த்ரெட்டிங்குக்கு, அதாவது நூலால் முடி எடுப்பதற்கு. கலிஃபோர்னியாவில் த்ரெட்டிங்குக்கு லைசென்ஸ் தேவையில்லை, சட்டத்திலேயே அதைத் தனியாக எடுத்துச் சொல்லி விலக்கு கொடுத்திருக்கிறார்கள். நூல், கையுறை, கத்தரி, கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற, தோலை இறுக்குகிற அஸ்ட்ரிஞ்சென்ட் திரவம், இவ்வளவுதான் எல்லை. மெழுகை எடுத்த நொடியில் அந்த விலக்கு போய்விடுகிறது. முதல் இரண்டு வாரம் வெறும் நூல் வேலைதான். மூன்றாவது வாரம் "கூட்டமா இருக்கு, இந்த ஒருத்தருக்கு மட்டும் வேக்ஸ் போட்டுவிடு" என்றார்கள். அப்புறம் அது தினமும் ஆனது. எனக்கு வேக்ஸிங் நன்றாகவே தெரியும், அதனால் இதில் தப்பு இருக்கும் என்றே தோன்றவில்லை. இப்படித்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள், யாரும் முதல் நாளே சட்டத்தை மீறச் சொல்வதில்லை.

த்ரெட்டிங்கைப் பற்றிச் சொல்லும்போது டெக்சாஸ் வழக்கைச் சொல்லாமல் போக முடியாது. அங்கே புருவம் திருத்துகிறவர்கள்கூட 750 மணி நேரம் படித்து எஸ்தடீஷியன் என்கிற தோல் பராமரிப்பு லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று கேட்டார்கள், அந்தப் படிப்பில் நூல் வேலை சொல்லித்தர வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. ஆஷிஷ் பட்டேல் என்பவரும் இன்னும் சிலரும் வழக்குப் போட்டு, 2015 ஜூனில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு பருத்தி நூலை வைத்துப் பிழைக்கிற உரிமைக்காக நம் பக்கத்து ஆட்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது. ஆனால் ஒரு மாநிலத்தின் விதி இன்னொரு மாநிலத்துக்குப் பொருந்தாது. டல்லாஸில் இருக்கும் தோழி சொன்னாள் என்பதற்காக கலிஃபோர்னியாவில் எதையும் செய்துவிடாதீர்கள். நான் இங்கே சொல்லப்போவது எல்லாமே கலிஃபோர்னியா கணக்கு.

என் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.காம் முடித்துவிட்டு ஈரோட்டில் சித்தி நடத்திய பார்லரில் கை பழகினேன். நம் ஊரில் இந்த வேலைக்கென்று தனி ஆளுக்கு அரசு லைசென்ஸ் கிடையாது. ஐ.டி.ஐ.யில் ஒரு வருஷப் பிரிவு இருக்கிறது, தனியார் சான்றிதழ்கள் ஏராளமாக இருக்கின்றன, ஆனால் எதுவுமே இல்லாமல் நாளைக்கே ஒருவர் நாற்காலி போட்டு முடி வெட்டலாம். கல்யாணமாகி 2016-இல் எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவி என்ற முறையில், இங்கே வந்தேன். ஐந்து வருஷம் சும்மா இருந்தேன். கணவருக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போட்ட மனு, ஒப்புதல் வந்த பிறகுதான் எனக்கு ஈ.ஏ.டி. என்கிற வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்க முடிந்தது. எச்-4-இல் இருக்கும் சிலருக்கு இந்த அட்டை கொடுக்கிற விதி 2015 மே மாதத்தில்தான் வந்தது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் பேசும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். தொழில் லைசென்ஸ் என்பது மாநிலம் கொடுப்பது, வேலை செய்யும் அனுமதி என்பது மத்திய அரசு கொடுப்பது. எச்-4-இல் இருந்துகொண்டு பள்ளியில் சேரலாம், படிக்கலாம், தேர்வு எழுதலாம், லைசென்ஸும் வாங்கலாம். அந்த லைசென்ஸ் உங்கள் பெயரில் சுவரில் தொங்கினாலும் ஈ.ஏ.டி. இல்லாமல் ஒரு டாலர் வாங்கிக்கொண்டு யாருக்கும் புருவம்கூடத் திருத்தக் கூடாது. ரொக்கமாக வாங்கினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று சொல்பவர்கள் இருப்பார்கள். கிரீன் கார்டு வரிசையில் வருஷக்கணக்காக நிற்கிற குடும்பம் அந்தப் பேச்சைக் காதில் வாங்கவே கூடாது. அட்டை வராமல் காத்திருக்கும் காலத்தைப் படிப்புக்குப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நான் வருத்தப்பட்டதுண்டு, அந்த ஐந்து வருஷத்தில் நான் இரண்டு தடவை படித்து முடித்திருக்கலாம்.

சரி, என்ன லைசென்ஸ் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். காஸ்மெட்டாலஜி என்றால் முடி, தோல், நகம் மூன்றும் சேர்ந்தது, 1000 மணி நேரம். தோல் மட்டும் என்றால் எஸ்தடீஷியன், 600 மணி நேரம். நகம் மட்டும் என்றால் மேனிக்யூரிஸ்ட், 400. முடி வெட்டுவதும் அலங்காரமும் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஹேர்ஸ்டைலிஸ்ட் என்று 600 மணி நேரத்தில் புதிதாக ஒன்று கொண்டுவந்தார்கள். நான் பின்வாசலில் நின்ற அதே மாதம்தான் எஸ்.பி. 803 என்ற சட்டம் கையெழுத்தானது, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரைக்கும் காஸ்மெட்டாலஜிக்கு 1600 மணி நேரம், அதோடு ஒரு செய்முறைத் தேர்வும் இருந்தது. புதுச் சட்டத்தில் 1000 ஆகக் குறைந்தது, செய்முறைத் தேர்வு போய் எழுத்துத் தேர்வு மட்டும் நின்றது. நம் பெண்கள் பெரும்பாலும் புருவம், வேக்ஸிங், ஃபேஷியல் செய்துதான் பிழைக்கப்போகிறோம், அதற்கு எஸ்தடீஷியன் போதும், நானூறு மணி நேரம் மிச்சம். நான் முழுதாக எடுத்ததற்குக் காரணம் எனக்கு முடி வேலைதான் பிடிக்கும். ஒரு வருஷம் கழித்து என்ன வேலை செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள், பக்கத்து வீட்டில் என்ன எடுத்தார்கள் என்பதை வைத்து வேண்டாம்.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் நான் அவசரப்பட்டேன். முதலில் போன தனியார் பள்ளியில் இருபதாயிரம் டாலரை நெருங்கிச் சொன்னார்கள், கருவிப் பெட்டி தனி. எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் கல்வி உதவிப் பணம் கிடைக்காது, முழுத் தொகையும் நம் கையிலிருந்துதான். பிறகுதான் தெரிந்தது, அரசு நடத்துகிற சில கம்யூனிட்டி காலேஜ்களிலேயே இந்தப் படிப்பு இருக்கிறது, மாநிலத்தில் குடியிருப்பவர் என்று நிரூபித்தால் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம், எச்-4-இல் இருப்பவர்களும் அந்தக் கணக்கில் வர முடியும். ஆனால் இடம் குறைவு, வகுப்பு தொடங்கும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை, நடுத்தரமான ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். இன்றைக்கு என்னைக் கேட்டால் ஆறு மாதம் காத்திருந்தாலும் கம்யூனிட்டி காலேஜ் என்றுதான் சொல்வேன்.

தனியார் பள்ளி என்றால் சேரும் முன் ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் தேர்வில் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று எல்லாம் அதில் எண்ணிக்கையாக இருக்கும். கலிஃபோர்னியாவில் தனியார் பள்ளிகள் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். சுற்றிக் காட்டும்போது நல்ல கண்ணாடியும் விளக்கும் கண்ணில் படும், அந்தத் தாள்தான் உண்மை பேசும். கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினாலும் முதல் வகுப்பு முடியும் வரையோ ஏழாவது நாள் வரையோ, இதில் எது பிந்தியதோ அதுவரை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியாவது கேட்டிருப்பேன்.

பள்ளிக்கே போகாமல் அப்ரென்டிஸாகவும் சேரலாம். லைசென்ஸ் உள்ள கடையில் சம்பளத்தோடு இரண்டு வருஷம், மொத்தம் 3200 மணி நேரம். கைக்காசு இல்லாதவர்களுக்கு இது நல்ல வழி. சம்பளம் வாங்குகிற வேலை என்பதால் இதற்கு ஈ.ஏ.டி. முதல் நாளிலிருந்தே வேண்டும்.

லைசென்ஸ் தேர்வு எழுத மாநிலம் கேட்பது 17 வயதும் பத்தாம் வகுப்பு முடித்த தகுதியும்தான். என் பள்ளி பன்னிரண்டாம் வகுப்புச் சான்றையும் கேட்டது, அதை அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக்குச் சமம் என்று ஒரு மதிப்பீட்டு நிறுவனத்திடம் எழுதி வாங்கிக் கொடுத்தேன். ஊரிலிருந்து கிளம்பும்போதே மதிப்பெண் பட்டியல்களின் அசலைக் கையோடு எடுத்து வாருங்கள். என்னுடையது பீரோவில் கிடந்தது, அப்பா கூரியரில் அனுப்பி வந்து சேர மூன்று வாரம் ஆனது.

சேர்ந்த செய்தியை அம்மாவிடம் சொன்ன நாள் நினைவிருக்கிறது. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "பி.காம் படிச்சுப்போட்டு அமெரிக்கா போயும் முடி வெட்டற வேலைதானா கண்ணு?" என்றார். அந்தக் கேள்விக்குள் இருந்தது சாதி, அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. சித்தி பார்லர் வைத்தபோதும் இதே பேச்சு வந்தது, "பொண்ணுங்களுக்கு மட்டுந்தான்" என்று சொல்லிச் சமாளித்தார்கள். நம் ஊரில் முடிதிருத்தும் சமூகத்தாருக்கு மருத்துவர் என்றே பெயர் உண்டு. அந்த வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாக ஊர் ஊராகப் பிரசவம் பார்த்தார்கள். ஊரே அந்தக் கைகளில்தான் பிறந்தது, அந்தக் கைகளைத்தான் ஊர் தள்ளியும் வைத்தது. அம்மாவிடம் அன்றைக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. பள்ளியில் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பெயரின் பொருத்தம் எனக்கே புரிந்தது.

ஏனென்றால் அந்த ஆயிரம் மணி நேரத்தில் 100 மணி நேரம் உடல்நலமும் பாதுகாப்பும், இன்னொரு 100 மணி நேரம் கிருமி நீக்கமும் சுத்தமும். முடிக்கு ரசாயன வேலைகள் 200, வெட்டும் அலங்காரமும் 200, தோல் 150, நகம் 100, முடி அகற்றலுக்கும் இமை புருவத்துக்கும் 50. மீதி 100 பள்ளியின் விருப்பம். கருவி கழுவுவதைப் போய் நூறு மணி நேரம் சொல்லித்தர என்ன இருக்கிறது என்று நான் முதல் நாள் நினைத்தேன்.

ஆசிரியை முதல் வாரத்திலேயே வாட்சன்வில் கதையைச் சொன்னார். எங்கள் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவு. 2000-ஆம் ஆண்டு அந்த ஊரில் ஒரே ஒரு நகக் கடையில் பெடிக்யூர் செய்துகொண்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே கட்டி கட்டியாக வந்தது, பலருக்கு ஆற மாதக்கணக்கானது. காரணம் மைக்கோபாக்டீரியா என்கிற ஒரு வகை நுண்கிருமி. கால் ஊறவைக்கும் தொட்டியில் தண்ணீரை உறிஞ்சுகிற வலைக்குப் பின்னால் முடியும் தோல் துணுக்கும் சேர்ந்து கிடந்து, அங்கே அது வளர்ந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தொட்டி பளபளவென்று இருந்திருக்கும். வருவதற்கு முன் வீட்டில் காலை ஷேவ் செய்துகொண்டு வந்தவர்களுக்குத்தான் அதிகம் பாதிப்பு, கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியே உள்ளே போயிருக்கிறது. இன்றைக்கும் பெடிக்யூரைப் பற்றிப் பேசினால் எனக்கு முதலில் அந்த வலைதான் ஞாபகம் வருகிறது. ஒவ்வொருவருக்கும் பிறகு தொட்டியைக் கழுவிக் கிருமிநாசினி விட்டுப் பதிவேட்டில் எழுதச் சொல்கிற கலிஃபோர்னியா விதிகளுக்குப் பின்னால் அந்தப் பெண்களின் கால்கள் இருக்கின்றன.

அன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்து சித்தியின் பார்லரை நினைத்துக்கொண்டேன். ஒரே சீப்பு, ஒரே கத்தரி, ஒருவருக்கு முடிந்ததும் துணியில் துடைத்து அடுத்தவருக்கு. கரும்புள்ளி எடுக்கிற ஊசி, டெட்டாலில் ஒரு முக்கு. நானே எத்தனை பேருக்கு அப்படிச் செய்திருப்பேன். கலிஃபோர்னியாவில் அந்த ஊசியும், குதிகால் தோலைச் சீவுகிற பிளேடும் கடைக்குள் இருக்கவே கூடாது. இங்கே முறை இதுதான்: முதலில் முடி, துணுக்கு எல்லாவற்றையும் எடுத்து சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், துடைத்து உலர்த்த வேண்டும், பிறகுதான் கிருமிநாசினியில் முழுதாக மூழ்க வைக்க வேண்டும். சலூன்களில் நீல நிறத் திரவம் ஒரு ஜாடியில் இருக்குமே, பார்பிசைட், அதில் 32 அவுன்ஸ் தண்ணீருக்கு 2 அவுன்ஸ், பத்து நிமிடம். ஒன்பது நிமிடம் கிடையாது. அழுக்கோடு போட்டால் ஒரு மணி நேரம் வைத்தாலும் பயன் கிடையாது. எடுத்த பிறகு "சுத்தம்" என்று எழுதி ஒட்டிய மூடிய பெட்டியில் வைக்க வேண்டும், பயன்படுத்தியது வேறு பெட்டி. மரக்குச்சி, பஞ்சு, நகம் தேய்க்கும் அட்டை எல்லாம் ஒருவருக்கு மட்டும், பிறகு குப்பை. போர்த்துகிற துணி கழுத்துத் தோலில் படக் கூடாது, நடுவில் காகிதப் பட்டையோ சுத்தமான துண்டோ வேண்டும். இதெல்லாம் படிக்கச் சின்ன விஷயம், ஒருநாளைக்குப் பன்னிரண்டு பேர் வரிசையில் இருக்கும்போது இதைச் செய்வதுதான் கஷ்டம். அதனால் எல்லோரும் நாலைந்து செட் கருவி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று ஊறும்போது இன்னொன்று கையில் இருக்கும்.

என் வகுப்பில் பாதிப்பேர் வியட்நாமியர்கள். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். அவர்தான் எனக்கு டிப்பி ஹெட்ரன் கதையைச் சொன்னார். 1975-இல் வியட்நாம் போர் முடிந்து சாக்ரமென்டோ பக்கத்தில் ஒரு அகதி முகாமில் இருந்த பெண்கள், பார்க்க வந்த அந்த ஹாலிவுட் நடிகையின் நகத்தை ஆச்சரியமாகப் பார்த்திருக்கிறார்கள். அவர் தன் நக அலங்காரப் பெண்ணையே கூட்டி வந்து இருபது பேருக்குச் சொல்லிக்கொடுத்து, பள்ளியில் சேர்த்து, அவர்கள் லைசென்ஸும் வாங்கினார்கள். இன்றைக்குக் கலிஃபோர்னியாவின் நகக் கடைகளில் பெரும்பாலானவை வியட்நாமியர்கள் கையில். தேர்வையும் ஆங்கிலம், ஸ்பானிஷ், கொரிய மொழிகளோடு வியட்நாமிய மொழியிலும் எழுதலாம். தமிழில் இல்லை. அவர் தன் மொழியில் அச்சிட்ட குறிப்புகளைப் புரட்டும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். அதனால் நானே ஒரு நோட்டில் வலப்பக்கம் ஆங்கிலச் சொல், இடப்பக்கம் தமிழில் எனக்குப் புரிகிற விளக்கம் என்று எழுதிக்கொண்டேன். டினியா காபிடிஸ் என்றால் தலைப் படை. சானிடைஸ், டிஸ்இன்ஃபெக்ட், ஸ்டெரிலைஸ் மூன்றும் ஒன்று போலத் தோன்றும், முதலாவது கிருமியைக் குறைப்பது, இரண்டாவது பரப்புகளில் இருக்கும் பெரும்பாலான கிருமிகளைக் கொல்வது, மூன்றாவது எளிதில் சாகாத ஸ்போர் வரை ஒன்றுவிடாமல் அழிப்பது. இந்த நோட்டுதான் என்னைத் தேர்வில் கரையேற்றியது.

கைவேலையில் எனக்குத் தலைகீழாகத் திரும்பியது சுருள் முடி. நம் முடியை எண்ணெய் வைத்து வாரிப் பழகியவள், கறுப்பினத் தோழி ஒருத்தியின் இறுக்கமான சுருளைத் தொட்டதும் உலர்ந்த தலையில் மேலிருந்து கீழே சீப்பை இழுத்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஈரப்படுத்தி, பகுதி பகுதியாகப் பிரித்து, நுனியிலிருந்து மேலே வர வேண்டும் என்று அவளே மூன்று நாள் உட்கார்ந்து சொல்லித்தந்தாள். எங்கள் பள்ளியின் பொம்மைத் தலைகள் எல்லாமே நேரான முடி, அதில் இதைக் கற்றுக்கொள்ளவே முடியாது. வகுப்பில் உங்கள் முடி போல இல்லாத தலைகளைத் தேடிப்போய்க் கற்றுக்கொள்ளுங்கள், வெளியே வந்தால் நாற்காலியில் உட்காரப்போவது எல்லா வகை முடியும்தான்.

பள்ளியில் எனக்கு வருத்தமும் உண்டு. நடுவில் இரண்டு மாதம் ஆசிரியை இல்லை. அந்த நாட்களில் துண்டு மடிப்பதும், முன்மேசையில் போன் எடுப்பதும், ஷாம்பு விற்பதும் எங்கள் "பயிற்சி" ஆனது, அதுவும் மணிக்கணக்கில் ஏறியது. வாரம் முப்பது மணி நேரம் போய் முப்பத்து நாலு வாரத்தில் ஆயிரத்தை முடித்தேன் என்றாலும், அதில் பல மணி நேரம் நான் காசு கொடுத்து அவர்களுக்கு வேலை செய்தது. ஒன்று செய்தேன், அது உதவியது: ஒவ்வொரு மாதமும் என் மணிக் கணக்கைப் பிரிவு வாரியாக அச்செடுத்து வாங்கி வைத்தேன். முடிவில் முடிச் சாயப் பிரிவில் எண்பது மணி நேரம் காணவில்லை என்றார்கள். என் கையில் தாள் இருந்ததால் ஒரே நாளில் சரியானது. பள்ளி மூடிவிட்டால்கூட அந்தத் தாள்தான் உங்கள் உழைப்புக்குச் சாட்சி.

இனி தேர்வு. விண்ணப்பத்தில் நான் செய்த பிழை நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் நடக்கக்கூடியது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லை, என் பெயர் மட்டும்தான், அப்பா பெயர் இனிஷியலாகக்கூட இல்லை. இங்கே ஓட்டுநர் அட்டையில் ஒரு மாதிரி, பள்ளியில் கணவர் பெயரைச் சேர்த்து இன்னொரு மாதிரி. தேர்வு விண்ணப்பத்தைப் பள்ளிப் பெயரில் போட்டேன். 2023 ஜனவரியில் தேர்வு மையத்துக்குப் போனபோது, அட்டையில் உள்ள பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் ஒன்றில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான், ஆனால் இரண்டு மணி நேரம் காரில் உட்கார்ந்து அழுதேன். பெயரைத் திருத்தி மறுபடி நாள் வாங்க ஆறு வாரம் ஓடியது. பள்ளியில் சேரும் நாளிலேயே உங்கள் அரசு அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள், ஒரு எழுத்து, ஒரு இடைவெளிகூட மாறக் கூடாது.

தேர்வுக் கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். பொதுவாக ஒன்று சொல்லலாம். ஊரில் பல வருஷம் வேலை செய்தவர்கள் கை சொல்கிற பதிலை எழுதிவிடுகிறோம், அங்கே கேட்பது புத்தகம் சொல்கிற பதில். வாடிக்கையாளருக்குக் கீறி ரத்தம் வந்தால் பஞ்சு வைத்து அழுத்திவிட்டு வேலையைத் தொடர்வது நம் பழக்கம். புத்தகத்தில் முதலில் வேலையை நிறுத்த வேண்டும், கையுறை போட வேண்டும், காயத்தைக் கவனித்த பிறகு பட்ட கருவியையும் இடத்தையும் கிருமிநீக்கம் செய்ய வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். பாதுகாப்பு எந்தப் பதிலில் அதிகம் இருக்கிறதோ அதைத் தேடுங்கள், பெரும்பாலும் அதுதான் விடை. இரண்டாவது முறை உள்ளே விட்டார்கள், தேறினேன்.

லைசென்ஸ் கையில் வந்த பிறகு வேலைக்குப் போகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, நான் சம்பள ஆளா, நாற்காலி வாடகைக்கு எடுப்பவளா என்பது. பழைய கடையில் புருவத்துக்கு இத்தனை டாலர் என்று ரொக்கமாகக் கொடுத்தார்கள், கூட்டம் இல்லாத நாளில் எட்டு மணி நேரம் நின்றும் ஒன்றும் கிடைக்காது. அது சட்டப்படி தப்பு என்று எனக்குத் தெரியாது. நேரத்தையும் விலையையும் அவர்கள் முடிவு செய்தால் நீங்கள் தொழிலாளி, குறைந்தபட்சக் கூலி உண்டு, கூட்டம் வராத நேரத்துக்கும் உண்டு. வாடகை நாற்காலி என்றால் உங்கள் விலையை நீங்கள் வைக்க வேண்டும், வாடிக்கையாளர் உங்களுக்கே நேரடியாகப் பணம் தர வேண்டும், நேரம் உங்களுடையது, தொழில் உரிமமும் உங்கள் பெயரில். இரண்டையும் கலந்து, வாடகையும் வாங்கிக்கொண்டு நேரத்தையும் அவர்களே சொல்லும் கடையில் சேராதீர்கள்.

அபார்ட்மென்டில் வீட்டுக்குள்ளேயே பார்லர் நடத்துவது நம்மவர்களிடம் ரொம்பச் சகஜம். கடைக்கும் தனி லைசென்ஸ் வேண்டும், வீட்டிலென்றால் தனி வாசல் வேண்டும். மருதாணி போடுவதற்கு இந்த போர்டின் லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் கறுப்பு மருதாணி என்று விற்கிற கூம்புகளைத் தொடவே தொடாதீர்கள். முடிச் சாயத்தில் இருக்கிற பி.பி.டி.யைக் கலந்திருப்பார்கள், கல்யாணப் பெண்ணின் கை கொப்பளித்துவிடும். முடி நேராக்கும் மருந்துகளிலும் கவனம். ஃபார்மால்டிஹைடு உட்பட 24 பொருள்களை அழகுசாதனங்களில் சேர்த்து விற்பதை கலிஃபோர்னியா 2025 ஜனவரியிலிருந்து தடை செய்திருக்கிறது. வாடிக்கையாளர் அந்தப் புகையை வருஷத்தில் ஒருநாள் முகர்வார், நாம் தினமும் முகர்வோம். "பழைய சரக்கு இருக்கு, நல்லா நிக்கும்" என்று யாராவது கொடுத்தால் வாங்க வேண்டாம்.

இப்போது ஒரு கடையில் நாற்காலி வாடகைக்கு எடுத்திருக்கிறேன். லைசென்ஸை நாம் வேலை செய்யும் இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும் என்பது விதி, என் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கிறேன். போன வருஷம் ஒரு இன்ஸ்பெக்டர் சொல்லாமல் வந்தார். நான் ஒரு பெண்ணுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து வணக்கம் சொன்னேன், அடையாள அட்டையைக் காட்டினேன், அவர் ஜாடியையும் பெட்டிகளையும் பார்த்துவிட்டுப் போனார், நான் பூசிக்கொண்டே இருந்தேன்.

ஊருக்குப் போனபோது சித்திக்கு மூன்று செட் சீப்பும் கத்தரியும், மூடியோடு இரண்டு பெட்டிகளும், ஒரு கண்ணாடி ஜாடியும் கொண்டுபோனேன். சித்திக்கு முதலில் கோபம், "நாப்பது வருசமா யாருக்கு என்ன வந்துச்சு?" என்றார். வாட்சன்வில் கதையைச் சொன்னேன். பதில் சொல்லவில்லை. போன மாதம் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ அவசரமாகக் கிளம்ப வேண்டும் என்று சத்தம் போடுவது கேட்டது. சித்தி போனைக் கீழே வைக்காமலே திரும்பி, "இன்னும் ஆறு நிமிசம் ஊறோணும் கண்ணு, உட்காருங்க" என்றார்.